கலப்பிழை ஆலை, திருவாதவூர் பிரிவு

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த காலி மனையில் ஒரு நாள் காலை ஒரு போர்டு முளைத்திருந்தது. ‘தாவர–செயற்கைக் கலப்பிழை உயர் ஆய்வு நிலையம்’ என்று பச்சை பெயிண்டில் எழுதியிருந்தார்கள். எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம் அது. போர்டோடு ஒரு ஜீப்பும், ஜீப்புக்கு ஒரு டிரைவரும், டிரைவருக்கு ஒரு ஸ்டூலும் வந்துவிட்டன. கட்டடம் அடுத்த வருஷம் வந்தது. ஆராய்ச்சி அதற்கும் பிறகு.

எனக்கு அரசாங்க நிலையங்கள் மேல் பொதுவாக விரோதம் எதுவும் கிடையாது. நானே ஒன்றில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ரிடையர் ஆனவன். ஆனால் இந்த நிலையத்தை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் வயிறு எரிகிறது. காரணத்தைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று நினைக்கிறேன்.

நிலையத்தின் இயக்குநர் டாக்டர் ஹாலாஸ்யம். அவருக்கு ஃபோன் கனெக்‌ஷன் வரும்வரை எங்கள் வீட்டு ஃபோனைத்தான் உபயோகித்தார். கனெக்‌ஷன் கடைசிவரை வரவில்லை. ஆகையால் நிலையத்தின் ராஜரகசியங்கள் எல்லாம் என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில்தான் பேசப்பட்டன. நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருப்பேன்.

கலப்பிழை என்றால் என்ன என்று அவரே எனக்கு விளக்கியிருக்கிறார். “பருத்தி வேர்வையை உறிஞ்சும், ஆனா கசங்கும். டெரிலின் கசங்காது, ஆனா போட்டுண்டா வேர்த்துக் கொட்டும். செடியிலேர்ந்து நாரை எடுத்துப் பொடி பண்ணி, உருக்கின பாலிமரில் கலந்து, சின்னச் சின்ன துவாரம் வழியா இடியாப்பம் மாதிரி பிழிஞ்சா, ரெண்டோட குணமும் சேர்ந்த இழை வரும். அதில் துணி நெய்தா நாடு எங்கேயோ போயிடும்.”

இழை வந்தது. ரெண்டின் குணமும் சேர்ந்துதான் வந்தது. அந்தத் துணி கசங்கவும் செய்தது, போட்டால் வேர்க்கவும் செய்தது. போதாததற்குக் கழுத்தை அறுத்தது. இரண்டு வருஷ உழைப்பில் மொத்தம் ஒரே ஒரு துண்டு நெய்ய முடிந்தது. வேறு எதற்கும் உதவாது என்பதால் அதற்கு ஜரிகை வைத்துப் பொன்னாடை ஆக்கினார்கள். நிலையத்துக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கெல்லாம் அதைப் போர்த்துவார்கள். அவர்கள் கழுத்தைச் சொறிந்துகொண்டே இரண்டு வார்த்தை பாராட்டிப் பேசிவிட்டு அதைக் கழற்றி நாற்காலியில் போடுவார்கள். பியூன் எடுத்து மடித்து, அடுத்த பெரிய மனிதருக்காக அலமாரியில் வைத்துப் பூட்டுவான்.

இதெல்லாம் அவர்களோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் ஆராய்ச்சிக்குச் செடி வேண்டியிருந்தது. செடி வேண்டுமானால் வயல் வேண்டும். அதில்தான் முத்திருளன் மாட்டிக்கொண்டான்.

முத்திருளன் திருவாதவூர்க்காரன். அவன் அப்பன் காலம் வரைக்கும் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாகவே தலைமுறைகள் போயிருந்தன. நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் நிலம் பிரித்துக் கொடுத்தபோது, கண்மாய்த் தண்ணீர் பாய்கிற இடத்தில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக அவனுக்குக் கிடைத்தது. முதல் வருஷம் கதிர் முற்றியதும், அறுக்க மனசு வராமல் அவனும் அவன் பெண்சாதி செல்லக்கிளியும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். “கூலிக்கு அறுக்கையில ஒரு நா கூட கதிர நின்னு பாத்ததில்ல சார்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த வயலை ஹாலாஸ்யம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் மண்ணோ தண்ணீரோ இல்லை. அது ரோட்டை ஒட்டி இருந்தது. ஜீப்பை விட்டு இறங்கினால் ஷூவில் சேறு ஒட்டாது.

“முத்திருளன், நீங்க விளைவிக்கற நெல்லைச் சாப்பிட்டா அன்னிக்கே தீர்ந்துபோயிடும். புளிச்சை போடுங்கோ. அதோட தண்டு நாராகி, இழையாகி, துணியாகி, தேசத்தோட மானத்தையே மூடப்போறது” என்றார் அவர்.

“புளிச்சைய கடைஞ்சு சோத்துக்குத் தொட்டுக்கிருவோம் அய்யா. வரப்போரமா நாலு செடி நிக்கும். வயலு பூராவுமா போடச் சொல்றீக?”

“பூராவும்தான்.”

முத்திருளன் யோசித்தான். செல்லக்கிளியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். அவள், “குடுத்தவுகளே கேக்குறாக. எப்பிடி இல்லேங்கிறது?” என்றாள். போட்டார்கள். புளிச்சை ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து நின்றது. லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செடி இவ்வளவு நன்றாக வந்துவிடும் என்று நிலையத்தில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆண்டறிக்கையில் ‘எதிர்பாராத மகசூல்’ என்று வருத்தத்தோடு குறிப்பிட்டிருந்தார்கள்.

அதுவரை நிலையம் விவசாய இலாகாவின் கீழ் இருந்தது. விவசாயத்தில் ஜீப்தான் கொடுப்பார்கள். தொழில் இலாகாவில் அதே பதவிக்கு கார். இந்த அநியாயம் ஹாலாஸ்யத்தை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் எங்கள் வீட்டிலிருந்து சென்னைக்கு டிரங்கால் போட்டார்.

“நாங்க விவசாயமே இல்லை சார். முடிவில் வர்றது இழை. இழைன்னா தொழில். செடிங்கிறது இழையோட குழந்தைப் பருவம், அவ்வளவுதான்.” எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள். “அந்த வயலா? அதுவும் ஆலைதான் சார். உற்பத்தியோட முதல் கட்டம் அங்கேதானே நடக்கிறது? கூரை இல்லைங்கிறது ஒரு சின்னக் குறை. மத்தபடி ஆலைதான்.”

இரண்டு மாதத்தில் ஆர்டர் வந்தது. நிலையத்து ஜீப் காராக மாறியது. திருவாதவூர் கண்மாய்க்குக் கீழே முத்திருளன் வயல் ‘கலப்பிழை ஆலை, திருவாதவூர் பிரிவு’ ஆயிற்று. வயலுக்கு அது தெரியாது. முத்திருளனுக்கும் தெரியாது.

அவனுக்குச் சொன்னவர் உக்கிரபாண்டி. கண்மாய் மடையைத் திறந்து அடைத்து, முறைப்படி வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை அவருடையது. முத்திருளனுக்கு மாமன் முறை.

“மாப்ள, ஓன் வயலுக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு ஆர்டரு வந்திருக்கு. கண்மாய்த் தண்ணி வெள்ளாமைக்கு மட்டுந்தானாம். ஆலைக்குக் கெடையாதாம்.”

“எந்த ஆலைக்கு மாமா?”

“நீதேன் ஆலை.”

முத்திருளன் அன்றைக்கே பஸ் ஏறி மதுரைக்கு வந்தான். நிலையத்துக் கேட்டில், உள்ளே மீட்டிங் நடக்கிறது, வெளியே நில் என்று சொல்லிவிட்டார்கள். வெயிலில் நிற்கிறவனைப் பார்த்து எங்கள் வீட்டு கேட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் மனைவி மோர் கொடுத்தாள். அப்படித்தான் அவன் எனக்குப் பழக்கமானான். அதன் பிறகு எத்தனையோ தடவை வந்து எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு தடவைகூட, எனக்கு இப்படிச் செய்துவிட்டார்களே என்று குரலை உயர்த்தியதில்லை. தான் எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம், அது எது என்றுதான் தெரியவில்லை என்கிற முகமாகவே கடைசிவரை இருந்தான்.

மீட்டிங் முடிந்ததும் ஹாலாஸ்யம் அவனை அன்பாகவே வரவேற்றார்.

“நீங்க இப்போ விவசாயி இல்லை முத்திருளன். தொழிலதிபர். தொழிலதிபர் யாராவது தண்ணி தண்ணின்னு கேட்டுண்டு வருவாளா?”

“தண்ணியில்லாம செடி வராதுங்களே அய்யா.”

“அது பழைய பார்வை. ஆலைக்குத் தண்ணீர் வேணும்னா அதுக்குத் தனியா மனு பண்ணணும். உபயோகிச்ச கழிவு நீரை எங்கே விடப் போறேள்னு அதில் காட்டணும்.”

“கழிவுத் தண்ணியா? அதை மண்ணு குடிச்சிருமுங்க.”

“மண்ணில் விடவே கூடாது. அதுதான் முதல் விதி.”

முத்திருளன் கையைக் கட்டிக்கொண்டு, “புளிச்சையே வேணாமுங்க. பழையபடி நெல்லையே போட்டுக்கிறேன். விட்ருங்க” என்றான்.

ஹாலாஸ்யம் நாற்காலியில் நிமிர்ந்தார். “ஆலையை மூடறேங்கறேளா? முன் அனுமதி இல்லாம மூடினா அதுக்குப் பேர் கதவடைப்பு. ஜெயில்.”

“அங்க கதவே இல்லைங்களே அய்யா.”

“அதையும் பார்த்து நடவடிக்கை எடுக்கச் சொல்றேன்” என்றார் ஹாலாஸ்யம். சொன்னபடியே சொன்னார். மறுவாரம் தொழிற்சாலை ஆய்வாளர் வெள்ளைத்துரை திருவாதவூருக்கு வந்தார்.

வெள்ளைத்துரை கெட்ட மனிதர் இல்லை. விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வயலை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

“உட்சுவருக்கு வெள்ளையடிச்சு எத்தனை மாசமாச்சு?”

“சுவரே இல்லீங்களே.”

“சுவரு இல்லாதது ஒரு குத்தம். இல்லாத சுவருக்கு வெள்ளையடிக்காதது இன்னொரு குத்தம். பாத்தா பாவமா இருக்கு, அதனால ஒண்ணை விட்டுர்றேன். அடுத்த தடவை நான் வர்றப்ப எதுக்காச்சும் வெள்ளையடிச்சிருக்கணும்.”

முத்திருளன் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து வரப்புக்கு வெள்ளையடித்தான். நாலு பக்கமும் அடித்தான். மேலூர் பஸ்ஸில் போகிறவர்கள், யாரோ மந்திரி வருகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். தீயணைக்க மணல் வாளி வேண்டும் என்றார் வெள்ளைத்துரை. கருவேல மரத்தில் சிவப்பு வாளிகள் தொங்கின. தொழிலாளிகள் துப்புவதற்குத் தொட்டி வைக்க வேண்டும் என்றார். வைத்தார்கள். “வயக்காட்டுல துப்பாம தொட்டியத் தேடிப் போயில்ல துப்பணுமாம்” என்று செல்லக்கிளி சிரித்தாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் ஆலையில் சங்கு ஊத வேண்டும் என்பது அடுத்த விதி. முத்திருளனுக்குத் தெரிந்த சங்கு ஒன்றுதான். இழவு வீட்டில் ஊதுகிறவரிடம் அதை இரவல் வாங்கிவந்து காலையில் ஊதினான். ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழுதபடியே வந்தார்கள். செத்தது யார் என்று கேட்டவர்களுக்கு அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆலை தொடங்கியிருக்கிறது என்று சொன்னான். வந்தவர்கள் வந்ததற்குத் துக்கம் விசாரித்துவிட்டே போனார்கள்.

இதற்குள் தண்ணீர் இல்லாமல் புளிச்சை வாடிக்கொண்டிருந்தது. முத்திருளனும் செல்லக்கிளியும் தூரத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வந்து, செடி செடியாக ஊற்றிப் பாதி வயலையாவது பிழைக்க வைத்தார்கள். அந்தப் பாதி வயலில்தான் வெள்ளைத்துரை மறுபடியும் வந்த அன்று செல்லக்கிளி மடியில் கீரை பறித்துக்கொண்டிருந்தாள்.

“யாரும்மா நீ?”

“அவுக பொஞ்சாதி.”

“மடியில என்ன?”

“கொழுந்து. கொழம்புக்கு.”

வெள்ளைத்துரைக்கு முகம் மாறிவிட்டது. ஆலையின் மூலப்பொருளைத் தொழிலாளி மடியில் கட்டி வெளியே கொண்டுபோகிறாள். நிர்வாகி பார்த்துக்கொண்டு நிற்கிறான். தினமும் வேலை முடிந்து போகும்போது அவளைச் சோதனை போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று முத்திருளனுக்கு உத்தரவு போட்டார். சம்பளம் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். முத்திருளன் விழித்தான். பொஞ்சாதிக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று செல்லக்கிளி திருப்பிக் கேட்டாள். வெள்ளைத்துரை இதில் தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி, விஷயத்தைத் தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்பிவைத்தார்.

தொழிலாளர் அதிகாரி ஸ்யாமளா என்று ஒரு அம்மாள். நேர்மையானவர். ஏழைகள் மேல் இரக்கம் உள்ளவர். இந்தக் கதையிலேயே நல்ல மனசு உள்ள அதிகாரி அவர் ஒருவர்தான். முத்திருளனை ஒரேயடியாகச் சாய்த்தவரும் அவர்தான். தம்பதி இரண்டு பேரையும் மதுரை ஆபீசுக்கு வரவழைத்தார். ஒரு பக்கம் நிர்வாகத்துக்குச் சாய்மானம் வைத்த நாற்காலி. எதிர்ப்பக்கம் தொழிலாளிக்கு பெஞ்சு. செல்லக்கிளி உட்காரவே மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஸ்யாமளா எழுந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார்.

“பயப்படாதீங்கம்மா. இங்க நீங்க அவர் சம்சாரம் இல்லை, தொழிலாளி. உங்க மனசுல என்ன குறை இருக்கோ, தைரியமாச் சொல்லுங்க.”

உன் மனசில் என்ன குறை என்று செல்லக்கிளியை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. ஒரு படித்த பெண் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சேலை எடுத்துக் குடுத்து ரெண்டு தீவாளி ஆச்சுங்க” என்று ஆரம்பித்தாள். “விடியக்காலம் எந்திரிச்சா வேலைதேன். ஒரு நாளாச்சும் நீ செத்த ஒக்காரு புள்ளைன்னு சொன்னதில்ல. ஏதாச்சும் கேட்டா வாயவே தொறக்க மாட்டாரு. மண்ணு கணக்கா நிப்பாரு. எம்புட்டுச் சொன்னாலும் காதுல ஏறாது.” சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சினாள். மனசு லேசாகியிருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே, “அம்புட்டுத்தேன். மத்தபடி தங்கமான மனுசன்” என்றாள்.

ஸ்யாமளா எழுதிக்கொண்டார். இரண்டு வருஷமாக தீபாவளி போனஸ் இல்லை. ஓய்வு நேரம் இல்லை. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு மறுக்கிறது. கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை. நிர்வாகி எதிரில் இருந்ததால் பயந்து சொன்னது என்று விட்டுவிட்டார்.

“நிர்வாகம் என்ன சொல்றீங்க?”

முத்திருளனுக்குச் சேலை ஞாபகத்தில் நின்றுவிட்டது. போன தீபாவளிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் வாளியும் வாங்கியதில் அது விட்டுப்போயிருந்தது. அவள் சொன்னதெல்லாம் உண்மைதானே என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நிர்வாகம் பதில் அளிக்க மறுத்தது என்று ஸ்யாமளா எழுதி, தகராறைப் பதிவு செய்தார்.

தகராறு தீரும்வரை இருவரும் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். அதாவது, தொழிலாளியை நிர்வாகம் வேலை வாங்கக் கூடாது. தொழிலாளியின் வேலையை நிர்வாகம் தானே செய்யவும் கூடாது, அது தொழிலாளர் விரோதம். ஆகவே குடம் சுமக்க இனி யாருக்கும் உரிமை இல்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். வீட்டில் செல்லக்கிளி சோறு போட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவன் கேட்கவில்லை. அவளாகவே, “கேட்டாகன்னு சொன்னேன்” என்றாள். “சரியாத்தேன் சொன்ன” என்றான் அவன்.

ஊர்ச் சந்தையில் முத்திருளன் ஒரு சேலை எடுத்தான். மாம்பழக் கலர். இதோடு தகராறு தீர்ந்துவிடும் என்று நம்பி, அதை அவள் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு ஸ்யாமளாவைப் பார்க்க வந்தான். போகிற வழியில் எங்கள் வீட்டிலும் காட்டினான். நன்றாக இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். செல்லக்கிளி வெட்கப்பட்டாள்.

ஸ்யாமளா சேலையைப் பார்த்து ரொம்ப சங்கடப்பட்டார். “தகராறு நடக்கறப்ப நிர்வாகம் தொழிலாளிக்குப் பொருள் கொடுக்கக் கூடாதுங்க. அவங்க மனசை மாத்தப் பாக்கறீங்கன்னு ஆயிடும். நான் இதை இங்க வாங்கி வெச்சுத்தான் ஆகணும். எனக்கே கஷ்டமா இருக்கு. நல்ல கலர்.” சேலைக்கு ரசீது கொடுத்தார். அலமாரியில் மற்ற தகராறுகளுக்கு நடுவே மாம்பழக் கலர் சேலை போய் உட்கார்ந்தது. திரும்பி வருகிறபோது செல்லக்கிளி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அதற்கப்புறம் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் எதிரே நிலையத்துக்கே போய் ஹாலாஸ்யத்திடம் கேட்டேன். “ஏன் சார், அந்தப் பாவப்பட்ட ஜனங்களை விட்டுவிடக் கூடாதா?”

“நான் எங்கே பிடிச்சு வெச்சிருக்கேன்? அவா தகராறு தொழிலாளர் இலாகாவோடது. தண்ணி பொதுப்பணி இலாகாவோடது. சுவர் ஆய்வாளரோடது. நிலம்தான் எங்களோடது, அதுவும் இன்னும் முழுசா இல்லை” என்றார். கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகு கொஞ்சம் யோசித்தார். அவர் யோசிப்பதை நான்தான் தூண்டிவிட்டேனோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

அந்த வருஷங்களில் நஷ்டத்தில் நின்றுபோன மில்களை ‘நலிவுற்ற ஆலை’ என்று சொல்லி அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. புளிச்சை முழுக்கக் காய்ந்து விறகாகிவிட்டது. உற்பத்தி இல்லை, தொழிலாளர் தகராறு உண்டு, நிர்வாகம் செயலற்றுவிட்டது. ஒரு ஆலை நலிவதற்கு வேண்டிய லட்சணங்கள் எல்லாம் திருவாதவூர் பிரிவுக்கு இருந்தன. அதை அரசே ஏற்று, நிலையத்தின் வசம் ஒப்படைத்து ஆர்டர் வந்தது.

ஏற்பு விழா வயலிலேயே நடந்தது. பந்தல், மைக் செட், மேலிடத்திலிருந்து ஒரு பிரமுகர். வெள்ளையடித்த வரப்பைப் பார்த்து, என்ன சுத்தம் என்று அவர் பாராட்டினார். ஹாலாஸ்யம் பேசினார்.

“ஒரு தனி மனிதர் கையில் இந்த ஆலை எப்படி இருந்தது என்பதை நீங்களே பார்க்கிறீர்கள். சுவர் இல்லை. கதவு இல்லை. தண்ணீர் வசதி இல்லை. ஒரே ஒரு தொழிலாளி, அவருக்கும் போனஸ் இல்லை. இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு சாதாரண மனிதர் தலையில் வைத்தது யார் என்று கேட்கிறேன். இனி அந்தக் கவலை அவருக்கு வேண்டாம். எங்கள் நிலையம் இதுவரை செலவழித்ததில் ஒரு பைசாவுக்கும் பயன் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வேன்: பயனை எதிர்பார்த்துச் செய்வதற்குப் பெயர் வியாபாரம். நாங்கள் செய்வது ஆராய்ச்சி.”

பலமாகக் கைதட்டினார்கள். முத்திருளனும் தட்டினான். அவனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் கழுத்தைச் சொறியாமல் அடக்கமாக நின்றான். இறங்கும்போது பியூன் அதை உருவி எடுத்துக்கொண்டான்.

அவனைக் கைவிட்டுவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. திருவாதவூர் பிரிவுக்கு ஒரு காவலாளி தேவைப்பட்டது. “இடத்தைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? நிலம் எங்கேயும் போயிடலை. உங்க கண்ணு முன்னாடிதானே இருக்கப் போறது? ஒழுங்கா நடந்துண்டா, பின்னாடி ஒரு காலத்தில் உங்களுக்கே திருப்பித் தரதைப் பத்திப் பரிசீலிக்கவும் இடம் இருக்கு” என்றார் ஹாலாஸ்யம். காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தார்கள். சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். அன்னியர் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. செல்லக்கிளியின் தகராறு இன்னும் தீராததால், அவள் உள்ளே வரக் கூடாதவர்களில் முதல் ஆள். தினமும் மத்தியானம் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து கம்பிக்கு வெளியே நிற்பாள். அவன் கம்பிக்கு உள்ளே உட்கார்ந்து குடிப்பான்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. நான் திருவாதவூர்க் கோயிலுக்குப் போய்விட்டு, அவனையும் பார்த்துவிட்டு வரலாம் என்று ரோட்டோரம் நடந்து வந்தேன். கண்மாய் நிரம்பியிருந்தது. உக்கிரபாண்டி மடையைத் திறந்துவிட்டிருந்தார். வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மழையில் கரை இளகியிருந்த இடத்தில், முத்திருளன் வயலுக்குப் பாய்கிற பழைய வாய் தானாகத் திறந்துகொண்டது. தண்ணீர் முள்கம்பிக்கு அடியில் புகுந்து, வெடித்துக் கிடந்த வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மண் அதை உறிஞ்சும் சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

கம்பிக்கு வெளியே செல்லக்கிளி தூக்குச்சட்டியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபக்கத்திலிருந்து முத்திருளன் காக்கிச் சட்டையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அகலப்படுத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அடைக்க ஆரம்பித்தான்.

“என்னப்பா இது, விட்டுடேன். யார் பார்க்கப் போறா?” என்றேன்.

அவன் நிமிரவில்லை. “ஆலைக்குள்ள வெள்ளாமைத் தண்ணி பாஞ்சுச்சுன்னா என் வேலை போயிரும் சார். வேலை போச்சுன்னா இந்தப் பக்கமே கால் வைக்கக் கூடாதும்பாக. ஒழுங்கா இருந்தாத்தானே என்னைக்காச்சும் திருப்பிக் குடுப்பாக.”

ஆயுள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்த என்னால் அவன் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகையாக வந்தது.

செல்லக்கிளிதான் பேசினாள். “ஏய்யா, அதுக்கு என்ன தெரியும்? நம்ம வயலுன்னு நெனைச்சு வந்திருச்சு.”

முத்திருளன் அவளைப் பார்த்தான். ஒரு நிமிஷம் மண்வெட்டி நின்றது. பிறகு குனிந்து, சேற்று மண்ணை வெட்டி வெட்டிப் போட்டு, மேலே ஏறி நின்று காலால் மிதித்து இறுக்கினான். தண்ணீர் கட்டுகிற வேலை அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே கைவந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை.